கடலோர முகாமுக்கு ஏர்கூலர் தூக்கிக்கொண்டு போகலாமா? கேள்வி பதில்

கோடை விடுமுறையில் கடலூர், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் சிறிய ஏர்கூலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏசி, கூலர் சர்வீஸ் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): அண்ணா, மே மாதம் சவுக்குத் தோப்பில் டென்ட் போடுகிறோம். தண்ணீர் ஊற்றும் சின்ன கூலர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்துக்கு நல்ல சார்ஜர் ஃபேன் வாங்குங்கள்.

கூலருக்குள் கேஸ் கிடையாது, கம்ப்ரஸரும் கிடையாது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். நல்ல அளவுதான். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? அடைமழைக் காலத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாததற்கும் இதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். உள்நாட்டில் ஒரு மதியம் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஆவியாதலால் காற்று சுமார் 23 டிகிரி வரை இறங்க முடியும். பெரிய பேட் (தண்ணீரில் நனைந்திருக்கும் மெத்தை) வைத்த நல்ல கூலர் 26, 27 வரை கொண்டுவந்துவிடும். நம் கடற்கரை இரவில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயர்ந்த கூலரானாலும் 27 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. கையடக்கக் கூலர் அதில் பாதி வேலை செய்தாலே அதிகம். அந்த ஒன்றரை டிகிரிக்காகக் காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கிறீர்கள். கசகசப்புதான் கூடும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எங்கள் வீட்டுக் கூலர் கத்திரி வெயிலில் பகல் முழுக்க நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் புழுக்கம். கூலரில் கோளாறா?

கோளாறு இல்லை. மே, ஜூனில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வறண்ட காற்று. அது அடிக்கும்வரை கூலர் உதவும். கடல்காற்று உள்ளே வந்ததும் வெயிலின் சூடு குறையும், ஈரம் ஏறும். கடற்கரையை ஒட்டி அது முன்னதாகவே வந்துவிடும். முகாமில் நமக்குக் குளிர்ச்சி தேவைப்படுவது தூங்கும் நேரத்தில். அப்போதுதான் கூலர் கைவிடும்.

கேள்வி (வில்லியனூர்): டேங்கில் ஐஸ் போட்டால்?

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு. நான்கு பேர் படுத்த டென்ட்டுக்கு இரவு முழுவதும் எத்தனை கிலோ தூக்குவீர்கள்? ஐஸைக் குடிதண்ணீர்ப் பெட்டியில் போடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை.

கேள்வி (பாகூர்): குளிர்ச்சி வெளியே போகாமல் ஜிப்பை மூடிவிட்டால்?

கூடவே கூடாது. ஏசிக்குத்தான் அறையை மூட வேண்டும். கூலருக்கு ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். மூடிய டென்ட்டில் கொஞ்ச நேரத்தில் ஈரம் நிறைந்து வியர்வை காயாமல் போய்விடும்.

கேள்வி (முதுநகர்): சார், வயதான அம்மாவும் வருகிறார். கூலர் இல்லை என்றால் வேறு என்னதான் செய்வது?

தண்ணீரை மெஷினில் ஊற்றாமல் உடம்பில் தடவுங்கள். தோலின் வெப்பம் 34, 35 டிகிரி. காற்றைவிடத் தோல் சூடாக இருப்பதால், ஈரமான கடற்கரைக் காற்றிலும் தோல்மேல் உள்ள நீர் ஆவியாகும், காற்று மட்டும் வீச வேண்டும். ஈரத் துண்டால் கழுத்து, கைகளைத் துடைத்துவிட்டு ஃபேன் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். எந்தச் சின்ன கூலரும் இந்தச் சுகத்தைத் தராது.

டென்ட் போடும் இடமும் முக்கியம். இரண்டு வாசல் உள்ள டென்ட்டாகப் பார்த்து, ஒன்று கடலைப் பார்த்தும் மற்றது மேற்கே பார்த்தும் இருக்கும்படி போடுங்கள். மாலையில் கடல்காற்று, பின்னிரவில் நிலக்காற்று, இரண்டும் கிடைக்கும். மழை இல்லை என்றால் மேல்விரிப்பைக் கழற்றிவிட்டு வலை மட்டும் போதும். அம்மாவுக்குக் கயிற்றுக் கட்டில் கிடைத்தால் எடுத்துப் போங்கள், அடியிலும் காற்று ஓடும். நிழலுக்காகத் தென்னையடியில் போடாதீர்கள், காய் விழும்.

அப்புறம் ஒன்று. உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ அது வெப்ப பாதிப்பு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): பவர்பேங்கில் ஃபேன் இரவு முழுவதும் ஓடுமா?

ஓடும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்கில் சுமார் 74 வாட்-மணி இருக்கும். இழப்பு போக, 5 வாட் யூஎஸ்பி ஃபேன் பத்து மணி நேரம் தாராளமாக ஓடும்.

கேள்வி (பண்ருட்டி): நாங்கள் போகும் இடத்தில் கூலர் உதவுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. காற்றின் வெப்பம் பார்க்கும் சாதாரணத் தெர்மாமீட்டரின் (காய்ச்சல் பார்ப்பது அல்ல) குமிழில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் பிடியுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். கூலர் எட்டக்கூடிய கடைசி எல்லை அதுதான். காற்றின் வெப்பத்துக்கும் அதற்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலர் எடுத்துப் போங்கள். வேலூர், தர்மபுரிப் பக்கம் கோடைப் பகலில் அப்படிக் கிடைக்கும். மூன்று நான்கு டிகிரிதான் என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், டேங்கில் தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து வையுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.