5,000 இறாத்தல் இழுக்கும் வண்டி எதை இழுக்கும்?

கேள்வி: அண்ணா, எங்களிடம் 2019ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலாண்டர், வி6 இயந்திரத்தோடு இருக்கிறது. 5,000 இறாத்தல் வரை இழுக்கும் என்று கையேடு சொல்கிறது. நானும் மனைவியும், 15, 12, 8 வயதில் மூன்று பிள்ளைகளும், என் அம்மாவுமாக ஆறு பேர். கோடை விடுமுறையில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போக, அடுக்குக் கட்டில் வைத்த 24 அடி ட்ரெயிலர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வெற்று எடை 4,450 இறாத்தல், எல்லாம் ஏற்றினால் உச்ச எடை 6,100. “5,000க்குள் இருக்கிறது, தாராளமாக இழுக்கும்” என்கிறார் விற்பவர். முற்பணம் கொடுக்கலாமா? கதவோரத்து ஸ்டிக்கரில் 1,280 இறாத்தல் என்று போட்டிருக்கிறதே, அது எதற்கு? அம்மாவுக்கு முதுகுவலி. ஓடும்போது ட்ரெயிலர் கட்டிலில் படுத்தபடி வரலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: தம்பி, முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

வெற்று எடை என்பது தொழிற்சாலை வாசலில் நிற்கும் ட்ரெயிலரின் எடை. நீங்கள் இழுக்கப்போவது அதை அல்ல. தண்ணீர்த் தொட்டி 40 கலன் என்றால் நிரப்பியதும் 334 இறாத்தல். முன்னால் நிற்கும் இரண்டு எரிவாயு உருளைகள் 74. பற்றரி 55. இந்த மூன்றுக்கே 463 ஆகிவிட்டது. விற்பவர் சொன்ன 5,000 வருவதற்கு மிச்சம் 87 இறாத்தல். அதில் ஒரு 40 இறாத்தல் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, ஆறு பேரின் படுக்கை விரிப்பு, உடுப்பு, பானை சட்டி, மடக்கு நாற்காலிகள் எல்லாவற்றையும் எங்கே வைப்பீர்கள்? வீடாகப் பாவிக்கும் ட்ரெயிலர் 5,500, 5,600க்கு வந்து நிற்கும். ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது உச்ச எடையைத்தான்.

அந்த 5,000 என்ற எண்ணும் உங்கள் குடும்பத்துக்கு எழுதப்பட்டதல்ல. இழுவைத் திறனை அளக்க ஜே2807 என்றொரு சோதனை முறை உண்டு. டொயோட்டா அதை 2011 மாடல் வண்டிகளிலிருந்தே பின்பற்றுகிறது. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே உள்ள நீண்ட ஏற்றத்தில், குளிர்சாதனம் ஓட ஓட ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாக அவர்கள் கணக்கெடுப்பது இரண்டே பேர், ஆளுக்கு 150 இறாத்தல். உங்கள் ஆறு பேரும் சுமாராக 725 இறாத்தல் வருவீர்கள். பின்னால் வைக்கும் பெட்டிகளுக்கு 150 போட்டால் 875. சோதனையில் எடுத்த 300ஐக் கழித்தால் 575 கூடுதல். அது 5,000த்திலிருந்துதான் போகவேண்டும். மிச்சம் 4,425. அந்த ட்ரெயிலரை வெறுமையாக இழுக்கக்கூட அது போதாது.

இனி ஸ்டிக்கர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அதைத்தான் விற்பவர்கள் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் வண்டியிலேயே முக்கியமான எழுத்து அதுதான். உள்ளே ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,280ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ட்ரெயிலரின் கழுத்து, வண்டியின் பின்னால் அதைப் பூட்டும் ஹிட்சின் பந்தில் உட்காரும்போது அழுத்துகிற எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தில் விழ வேண்டும். 5,600க்கு 12 சதவீதம் என்றால் 672. உங்களிடம் மிச்சம் இருப்பதோ 1,280இல் 875 போக 405. அந்த எடை பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள். பாரம் குறைந்த முன்சக்கரங்கள் சொல் கேட்கத் தயங்கும்.

பந்தில் எடையைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றலாம். நான் அப்படித்தான் நினைத்தேன். அப்போதே 401ஆம் நெடுஞ்சாலையில் பல வருடங்களாக லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன். இழுப்பது எனக்குப் புதிதில்லை என்ற நினைப்பு. முதல் ட்ரெயிலரில் பனிப்பெட்டிகள், தண்ணீர்க் கலன்கள், பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினேன். 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகருக்குத் தெற்கே பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்தபோது அதன் காற்று தள்ளியது. ட்ரெயிலரின் வால் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, அடுத்த முறை இன்னும் கூடப் போனது. கண்ணாடியில் அதன் பக்கச்சுவர் முழுவதும் தெரிந்தது. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் போனார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, ட்ரெயிலரின் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் அழுத்தினேன். ட்ரெயிலரின் பிரேக் பிடித்து அது பின்னுக்கு இழுபட்டு நேரானது. வண்டியின் பிரேக்கை மிதித்திருந்தால் மடங்கியிருப்போம். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது கை இறுகும்.

லொறியில் இப்படி நடக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே ட்ரெயிலர் பின் அச்சுகளுக்கு மேலேயே உட்காருகிறது. நம்முடைய ட்ரெயிலரோ அச்சுக்குச் சில அடி பின்னால் தொங்குகிறது. வால் ஆடினால் அந்தச் சில அடி துலாவாகி வண்டியின் பின்புறத்தையே தள்ளும்.

அன்று மாலை முகாமில் பந்து எடையை அளந்தேன். குளியலறைத் தராசு ஒன்று போதும். ஒரு கனத்த மரச்சட்டம். ஒரு முனை செங்கல் மேலே, மறு முனை தராசு மேலே. செங்கலிலிருந்து ஓர் அடியில், தராசிலிருந்து இரண்டு அடியில் ட்ரெயிலரின் கழுத்தை இறக்க வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் பந்து எடை. எனக்கு 105 காட்டியது. 315 இறாத்தல், 4,500 இறாத்தல் ட்ரெயிலருக்கு 7 சதவீதம். சைக்கிள்களை வண்டிக் கூரைக்கு ஏற்றி, கலன்களை ட்ரெயிலர் அச்சுக்கு முன்னால் நகர்த்தி மறுபடி அளந்தபோது தராசு 180 காட்டியது. பந்து எடை 540, அதாவது 12 சதவீதம். வீடு திரும்பும் வழியில் ஆட்டமே இல்லை.

இனி உங்களுக்கு வழி இரண்டு. ஹைலாண்டரை வைத்துக்கொள்வதானால், மடித்து விரிக்கும் கூடார ட்ரெயிலர் பாருங்கள், உச்ச எடை 3,000க்குள். பந்தில் 360 விழும். உங்கள் 405க்குள் அடங்கும். ஆறு பேர் படுக்கக்கூடியது கிடைக்கும், மடித்தால் காற்றுக்கும் தடை குறைவு. எனக்குப் பிடித்த வழி இது. அம்மா அதன் கட்டிலில் ஏறி இறங்க முடியுமா என்பதை மட்டும் கடையிலேயே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 24 அடி ட்ரெயிலர்தான் வேண்டுமென்றால் வாகனத்தை மாற்ற வேண்டும். பிக்கப் வாங்கினால் தீர்ந்தது என்று அவசரப்படாதீர்கள். 11,000 இறாத்தல் இழுக்கும் என்று விளம்பரம் செய்யும் பிக்கப்பின் ஸ்டிக்கரில் 1,500 மட்டும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு 875, பந்துக்கு 672, பந்தில் விழும் எடையை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்சுக்கு ஒரு 80, ஆக 1,627. ஸ்டிக்கரில் 1,750க்குக் குறையாமல் பாருங்கள். ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி இது மாறும். கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கை, பெரிய சக்கரம் என்று ஏற ஏற எண் இறங்கும். ஆடம்பரம் குறைந்த வண்டிதான் அதிகம் சுமக்கும். எக்ஸ்பெடிஷன், சபர்பன் போன்ற நீண்ட வண்டிகளில் இழுவைப் பொதி (டோ பேக்கேஜ்) பூட்டியதைத் தேடினால் ஆறு பேருக்கும் வசதி. வாங்கியபின் எல்லாரும் ஏறி, ட்ரெயிலரும் பூட்டி, நெடுஞ்சாலையோர லொறி நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் ஒரு முறை நிறுத்துங்கள். அச்சு அச்சாக எடை காட்டும் சீட்டுக் கிடைக்கும்.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்கு பிரேக் கட்டாயம். உங்கள் சாதாரண ஜி உரிமத்தோடு 4,600 கிலோ வரை இழுக்கலாம், அதில் கவலையில்லை.

அம்மா ட்ரெயிலரில் படுத்து வரக்கூடாது. ஓடும் ட்ரெயிலருக்குள் ஆள் இருப்பதை ஒன்ராறியோ சட்டம் தடுக்கிறது. இருக்கைப் பட்டியும் இல்லை, கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கவும் கேட்காது. நடுவரிசையில் இருக்கையைச் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, பட்டி போட்டு உட்காரவையுங்கள். ஒன்றரை மணிக்கொரு முறை நிறுத்தி அவரை நடக்கவிடுங்கள்.

பார்க்கும் வண்டியின் கதவோர ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்புங்கள். கணக்குப் பார்த்து எழுதுகிறேன்.