கண்மாயில் பழகிய நீச்சல்: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நீந்தக் கற்று, 11 வயதில் மதுரைக்குக் குடிபோய், 18 வயது வரை போட்டிகளில் நீந்தினேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில் இது.

புதுவயல்: அக்கா, என் தம்பி கண்மாயைக் குறுக்கே அசராமல் நீந்திப் போய்வருகிறான். நேரே போட்டியில் சேர்த்துவிடலாமா?

சேர்த்துவிடுங்கள். ஆனால் முதல் வருடமே ஜெயிப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்மாயில் கரையைப் பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பான். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் தண்ணீர் இழுக்கும். எனக்கு அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது. அப்புறம், கண்மாயில் சுவர் கிடையாது. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்த மூன்று முறை திரும்ப வேண்டும். என் முதல் போட்டியில் சுவர் வரை நான்தான் முன்னால் வந்தேன். கையால் தொட்டு, மூச்சு வாங்கித் திரும்புவதற்குள் பக்கத்து லேன் பெண் குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துப் போயே போய்விட்டாள்.

தேவகோட்டை: எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? ஊருணியில் பழக்கலாமா?

ஆறேழு வயது போதும். குடிக்கிற ஊருணியில் நம் பக்கம் கால் நனைக்கவே விடமாட்டார்கள், அது சரிதான். கிணறோ கண்மாயோ, நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் நின்றால் போதாது. என் முதுகில் ஐயா சுரைக்குடுக்கை கட்டிவிடுவார். வாரா வாரம் அதைச் சின்னதாக மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியாகக் கட்டியது என் கையளவுதான் இருந்தது.

கானாடுகாத்தான்: மகளுக்கு 13 வயது. வயசுக்கு வந்துவிட்டாள், போதும் என்கிறார் மாமியார். ஆறு மாதமாக வேகமும் கூடவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் ஆச்சி. இந்த வயதில் உயரமும் எடையும் மாறுவதால் பழைய கை, கால் கணக்கு தப்பும். வேகம் சில மாதங்கள் அப்படியே நிற்பது பல பெண்களுக்கு நடப்பதுதான். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் கை போடும் விதத்தைப் பாருங்கள்.

மாதவிடாய் நாட்களிலும் நீந்தலாம். பேட் தண்ணீரில் உதவாது, உடலுக்குள் வைக்கும் மாதவிடாய் கப் அல்லது டாம்பூன் வேண்டும். அவளுக்கு விருப்பமில்லையென்றால் அந்த நாட்களில் தரைப்பயிற்சி செய்யட்டும். உடைதான் தயக்கம் என்றால், முழங்கால் வரை வரும் நீச்சலுடையைப் போட்டி விதியே அனுமதிக்கிறது.

என்னோடு பயிற்சியில் இருந்த ஆறு பெண்களில் பத்தாம் வகுப்பு வரும்போது நான் மட்டும்தான் மிச்சம். தோற்று நின்றவள் ஒருத்தியும் இல்லை, எல்லாரையும் வீட்டில் நிறுத்தினார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் காலை ஐந்து மணிக்கு என்னோடு வந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு குளத்தோரம் உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர்கள் ஏதாவது கேட்டால், "நாந்தான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் மாமியாரையும் ஒருநாள் காலையில் அழைத்துப் போங்கள். அவள் நீந்துவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

கோட்டையூர்: குளோரினில் முடி வைக்கோலாகிவிட்டது.

இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நன்றாக நனைத்துவிட்டுத் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. ஏறியதும் உடனே அலசுங்கள்.

பள்ளத்தூர்: அக்கா, மல்லாக்க நீந்தும்போது சுவரில் தலை இடிக்கிறது. பயமாக இருக்கிறது.

தம்பி, சுவருக்கு 5 மீட்டர் முன்னால் மேலே கொடிகள் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பாய். கொடியைத் தாண்டியதும் எத்தனை கை போட்டால் சுவர் வருகிறது என்று முதலில் மெதுவாக நீந்தி எண்ணு. அப்புறம் வேகமாக நீந்தி இன்னொரு முறை எண்ணு, இரண்டும் ஒன்றாக இருக்காது. நீ வளர வளர அந்த எண்ணிக்கை குறையும், அதனால் மாதம் ஒரு தடவை எண்ணிப் பார். போன வருடக் கணக்கை நம்பி நான் இடித்துக்கொண்ட தழும்பு இன்னும் உச்சியில் இருக்கிறது.