பி.ஹெச்டி. இல்லாத மரபணு ஆலோசகருக்கு ஆராய்ச்சி ஃபெலோஷிப் கிடைக்குமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்து ஐந்து வருடம் ஆகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) கேரியர் குடும்பங்கள், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். முறையாக ஆராய்ச்சி கற்றுக்கொள்ள ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். பி.ஹெச்டி. இல்லை. வேலையை விடவும் முடியாது, மலையை விட்டு இறங்கவும் முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பி.ஹெச்டி. இல்லாதது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1969இல் இந்தத் தொழிலுக்கான முதல் படிப்பு தொடங்கியபோதே அது முதுகலைப் பட்டம்தான். இன்றும் ஆலோசகராக வேலை பார்க்க அதற்கு மேல் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் பெரிய பணம் வைத்திருப்பவர்களோ மருத்துவரையோ முனைவரையோதான் எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.ஹெச். ஆராய்ச்சியாளர்களை வளர்க்கத் தரும் ‘கே’ வகை விருதுகளுக்கு டாக்டரேட் கட்டாயம். ஆலோசகர்களுக்கென்றே அங்கே தனி ஃபெலோஷிப்புகள் உருவானதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். 1991இல் தொடங்கிய ஜேன் எங்கல்பெர்க் நினைவு ஃபெலோஷிப் அவற்றில் பழையது. அது அந்நாட்டு ஆலோசகர் சங்க உறுப்பினர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் அதன் அறிவிப்பை ஒருமுறை படியுங்கள். வேலையில் இருக்கும் ஆலோசகரிடம் எந்த மாதிரி ஆராய்ச்சியை எதிர்பார்க்கிறார்கள் என்பது பிடிபடும்.

நம் நாட்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்பில் மருத்துவ, பொதுச் சுகாதாரப் பிரிவு என்று தனியாக உண்டு. அங்கே எம்.டி., எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதார முதுகலை) போன்ற பட்டங்களுக்கு மதிப்பு அதிகம், வெறும் எம்.எஸ்சி.யோடு நுழைவது கடினம். சுகாதார ஆராய்ச்சித் துறையின் மகளிர் விஞ்ஞானி திட்டம் வேலையில் இடைவெளி விழுந்தவர்களுக்கானது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தரும் சிறு மானியத்துக்கு நிரந்தரப் பணியில் இருக்கும் முதன்மை ஆய்வாளர் தேவை. தனியார் அறக்கட்டளை என்றால் ஆராய்ச்சி நிறுவனம் என்று மத்திய அரசின் டி.எஸ்.ஐ.ஆர். துறை தரும் அங்கீகாரச் சான்றும் கேட்பார்கள். உங்கள் மருத்துவமனையிடம் அந்தச் சான்று இல்லையென்றால் ஒரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரை முதன்மை ஆய்வாளராக வைத்து நீங்கள் இணை ஆய்வாளராகப் போகலாம். வெளிநாட்டுப் பணத்தை நம்பினால் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும்: மருத்துவமனைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு, ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தரவும் முடியாது. ‘கோவையில் இருக்கும் டிரஸ்ட் வாங்கித் தரும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது பகுதிநேர பி.ஹெச்டி., அதனோடு ஒரு சிறு மானியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகள் பகுதிநேர பி.ஹெச்டி.யை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. நீட்டிப்புகள் உண்டு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடத் தளர்வும் உண்டு. குறைந்தது 12 கிரெடிட் பாட வேலை இருக்கும். முனைவர் பட்டம் வேண்டாம் என்றால் எம்.பி.ஹெச். படிக்கலாம். சென்னை ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, வேலூர் சி.எம்.சி. மூன்றுமே நல்ல இடங்கள்தான், ஆனால் மலையிறங்க வேண்டியிருக்கும். எதில் சேர்ந்தாலும் முதலில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழி நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை முடித்துவிடுங்கள். ஊரில் இருந்தபடியே படிக்கலாம். விண்ணப்பத்தில் ‘இதுவரை பெற்ற பயிற்சி’ என்ற கட்டத்தில் எழுத உங்களுக்கு வேறெதுவும் இருக்காது.

இனி ஆய்வுக் கேள்வி. விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ‘நீலகிரிப் பழங்குடியினரின் மரபணு ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் மதிப்பீட்டாளர் அடுத்த பக்கம் புரட்ட மாட்டார். அதைச் செய்ய ஆய்வகமும் ஆள்பலமும் உள்ளவர்கள் வேறு இருக்கிறார்கள். இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டதே இந்த மலைப் பழங்குடியினரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான். அதன் பிறகு எடுத்த ரத்தத்துக்குக் கணக்கில்லை. 2023 ஜூலை 1இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனை நடக்கும், முடிவு எழுதிய கார்டும் கைக்கு வரும். கார்டை வாங்கியவர் அதை என்னவாகப் புரிந்துகொள்கிறார் என்பதுதான் உங்கள் களம். ‘உங்களுக்கு என்ன இருக்கு?’ என்று கேட்டால் ‘கொஞ்சமா நோய் இருக்கு’ என்று ஒருவர் சொல்வார். கணவன் மனைவி இருவருமே கேரியர், முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்றால் ‘நாலுல ஒண்ணுன்னு சொன்னாங்க, அந்த ஒண்ணு வந்திருச்சு, இனி மூணும் நல்லா இருக்கும்’ என்று கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 25 சதவீதம்தான் என்பது மனதில் பதிவதில்லை. ஆலோசனை முடிந்து ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு இது சரியாக நினைவிருக்கிறது? எந்த விதமாகச் சொன்னால் நிற்கிறது? ஃபெலோஷிப்புக்குப் போதுமான கேள்வி இதுவே.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முகாம்களில் செய்யும் எளிய ரத்தச் சோதனையான கரைதிறன் சோதனையில் பாசிட்டிவ் வந்தவரைக் கேரியர் என்று எழுதிவிடாதீர்கள். கேரியரையும் நோயாளியையும் அந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கருக்கால ஹீமோகுளோபின் மிகுதியால் தவறாக நெகட்டிவ் வரலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரிசிஸ் சோதனை உறுதி செய்தவர்களை மட்டும் சேருங்கள். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் அறிக்கையை நம்ப முடியாது.

எத்தனை பேர் வேண்டும்? பாதிப் பேருக்குச் சரியான புரிதல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, ஏழு சதவீதம் முன்பின் துல்லியமும் 95 சதவீத நம்பகமும் கேட்டால் 196 பேர். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்துப் போனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வதால் இதை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 294. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று சேர்த்தால் 327. வாரம் இரண்டு நாள் மட்டுமே களத்துக்குப் போகும் ஒருவரால் ஆகாத வேலை. இதையே மாற்றிப் போடுங்கள். உங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் உறுதியான கேரியர்கள் 400 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால் ஒன்றரைப் பெருக்கல் தேவையில்லை. மொத்தமே 400 என்பதால் திருத்தம் போட்டு 132, கிடைக்காதவர்களுக்காகச் சேர்த்து 147. தோட்ட வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகுதான் பேச முடியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பார்த்தால், நாளுக்குச் சராசரி நான்கு பேர். 37 நாள். வாரம் இரண்டு நாள் வீதம் 19 வாரம். ஜனவரியில் தொடங்கினால் கூடலூரிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் முடித்துவிடலாம். ஜூனில் தொடங்குவதாக எழுதிய கால அட்டவணையைப் பார்த்தாலே எழுதியவருக்கு இந்தப் பக்கம் தெரியாது என்று புரிந்துவிடும். (கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையையும் கழித்துவிடுங்கள், மண்சரிவில் பாதை மூடிவிடும்.)

அளவுகோலையும் சும்மா மொழிபெயர்த்து வைக்க முடியாது. மரபணு ஆலோசனையின் பலனை அளக்க மெக்அலிஸ்டர் குழு 2011இல் வெளியிட்ட 24 கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஏழு படிநிலையில் பதில் சொல்ல வேண்டும். பணியரிடமோ இருளரிடமோ ‘உடன்படுகிறேன்’, ‘சற்றே உடன்படுகிறேன்’ என்று இரண்டையும் வைத்தால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். தமிழாக்கம், வேறொருவர் செய்யும் மறு மொழியாக்கம், பிறகு பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து ‘இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்க’ என்று கேட்டுப் பார்ப்பது என மூன்றும் வேண்டும். இதற்கே மூன்று மாதத்தைத் தனியாக எழுதி வையுங்கள். தமிழ் சரளமாக வராதவர்களுக்கு அவர்கள் சமூகத்தைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளரே வாய்மொழியாகக் கேட்க வேண்டும். அவருடைய சம்பளம் பட்ஜெட்டில் தனி வரியாக வரட்டும்.

அடுத்தது அனுமதி. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை என்று அரசு வகைப்படுத்திய பழங்குடிக் குழுக்கள் ஆறும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) நீலகிரியில் வாழ்கின்றன. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி பழங்குடியினரிடம் செய்யும் ஆய்வு நோயறிதல், சிகிச்சை, தடுப்பு என்று ஏதாவது ஒன்றுக்காக இருக்க வேண்டும். அவர்களுக்கே பலன் கிடைக்கவும் வேண்டும். ஊருக்குள் போகும் முன் மாவட்ட ஆட்சியர் அல்லது பழங்குடியினர் நலத்துறை போன்ற உரிய நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை. ஊர் மூப்பனின் சம்மதம் தனிநபர் சம்மதத்துக்கு ஈடாகாது. இரண்டும் தனித்தனியாக வேண்டும். உங்கள் மருத்துவமனையில் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) இல்லையென்றால் வேறொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். மருந்துச் சோதனைகளுக்கான பதிவு வேறு, இது வேறு.

பெரும்பாலான விண்ணப்பங்களில் எட்டிப் பார்க்காத ஒரு சிக்கலும் இங்கே உண்டு. சிறிய சமூகம் என்பதால் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. ‘இன்ன ஊரில் 34 வயதுப் பெண், இரண்டு குழந்தை’ என்று அட்டவணையில் போட்டால் அக்கம்பக்கத்தவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுத் தாலுகா அளவில் மட்டும் முடிவு தரப்படும், ஐந்து பேருக்குக் குறைவான கட்டம் எதுவும் அச்சில் வராது என்று எழுதிக் கொடுங்கள். கருவில் செய்யும் பரிசோதனை பற்றிக் கேள்வி இருந்தால் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் கீழ் உங்கள் ஆலோசனை மையம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி ஒருவர் போதாது. ஆய்வுமுறை தெரிந்தவர் ஒருவர், மரபியல் மருத்துவர் ஒருவர் என்று இருவர் வேண்டும். பெரிய பெயர் கொண்டவரைத் தேடிப் போகாதீர்கள். மாதம் ஒரு மணி நேரம் திரைக்கு முன் உட்கார்ந்து உங்கள் தரவைப் பார்ப்பவரைப் பிடியுங்கள். அவர் தரும் கடிதத்தில் ‘திறமையானவர்’ என்ற புகழ்ச்சி எதற்கும் உதவாது. எந்த மாதத்தில் எதைக் கற்றுத் தருவார் என்று இருக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மருத்துவமனையின் கடிதம். ஃபெலோஷிப் பணத்தால் நீங்கள் வாங்கப் போவது முக்கியமாக நேரத்தைத்தான். அந்த நேரத்தைக் காகிதத்தில் தந்துவிட்டு ஓ.பி.யில் வரிசை நீளும் நாளில் உங்களைக் கூப்பிட்டுவிட்டால் திட்டம் அத்தோடு நின்றுவிடும். பகுதிநேர பி.ஹெச்டி.க்குப் பணியிடத்தின் தடையில்லாச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. விதியே சொல்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, பணிச்சுமை ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் விடுகிறது, தேவைப்பட்டால் பாட வேலையை முடிக்க விடுவிப்போம். இதோடு நான்காவதாக ஒரு வரியையும் கேட்டு வாங்குங்கள்: ‘வியாழன், ஞாயிறு இரண்டு நாளும் இவருக்கு மருத்துவமனைப் பணி இல்லை, அந்நாட்களில் ஆலோசனைக்கு மாற்று ஆள் இன்னார், அவர் சம்பளம் ஃபெலோஷிப் தொகையிலிருந்து.’ கையெழுத்துப் போடுபவர் நிர்வாக அறங்காவலராக இருக்கட்டும். துறைத்தலைவர் அடுத்த வருடம் மாறிவிடக்கூடும்.