பாட்டன்: எது பழைய கோயில்?

அன்புள்ள ஐயா,

வரும் ஐப்பசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நேபாளம் போகிறேன். பசுபதிநாதர், முக்திநாத் இரண்டும் டூர்காரர்களின் திட்டத்தில் இருக்கின்றன. கடைசியில் காட்மாண்டுவில் ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறார்கள். அன்று பாட்டன் நகரத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். போய்வந்த அலுவலக நண்பர் ஒருவர், "2015 பூகம்பத்தில் அங்கே எல்லாம் விழுந்துவிட்டது, இப்போது நிற்பது புதிதாகக் கட்டியது. டூப்ளிகேட்டைப் பார்க்க எதற்கு அலைச்சல்? அதற்குப் பதில் விமானத்தில் ஏறி எவரெஸ்ட்டைப் பார்த்துவிட்டு வா" என்கிறார். அவர் சொல்வது சரியா? அம்மாவுக்கு முட்டிவலி, அதிகம் படி ஏற முடியாது. சுத்த சைவம். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ரா.,
ஈரோடு

அன்புள்ள ரா.,

பாட்டனுக்கே போங்கள். முக்திநாத் போகிறவர்களுக்கு அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் வழியிலேயே தரிசனம் தந்துவிடும். மலை பார்க்கவென்று தனியாக ஒரு விமான டிக்கெட் எதற்கு?

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் வந்த நிலநடுக்கத்தில் பாட்டன் தர்பார் சதுக்கத்தின் ஹரிசங்கர் கோயிலும் சார் நாராயண் கோயிலும் தரைமட்டமாயின. மங்கா ஹிட்டி என்கிற பழைய நீர்த்துறைக்கு மேலே இருந்த இரண்டு மண்டபங்களும் போயின. தூணின் உச்சியில் கைகூப்பி உட்கார்ந்திருந்த பழைய அரசன் யோகநரேந்திர மல்லனின் சிலை கீழே விழுந்தது. ஆனால் அரசன் சித்திநரசிம்ம மல்லன் 1637இல் கட்டிய கிருஷ்ண மந்திர் நின்றது. முழுக்கக் கல்லால் ஆன கோயில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே முதல் தளத்தைச் சுற்றி மகாபாரதக் காட்சிகளும் அதற்கு மேல் தளத்தில் ராமாயணமும் செதுக்கியிருப்பது தெரியும். அம்மா படி ஏற வேண்டியதில்லை.

விழுந்தவற்றை எப்படி எடுத்துக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லும் மண்சாந்தும் மரமும். சாய்ந்த கூரைகளை, தெய்வ உருவம் செதுக்கிய மரக் கைகள் வரிசையாகத் தாங்கி நிற்கும். நிலம் ஆடினால் சரியும், மழை புகுந்தால் மரம் உளுக்கும். கட்டியவர்களுக்கும் இது தெரியும். அதனால் கழற்றி மாற்றுவதும் செதுக்கிச் சேர்ப்பதும் அங்கே ஒரு தொழிலாகவே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. 2015இல் இடிபாட்டிலிருந்து செதுக்கு மரங்களைப் பொறுக்கி அரண்மனை வளாகத்தில் அடுக்கி வைத்தார்கள். உடைந்த கைக்குப் புதுக்கை, போன மூக்குக்குப் புதுமூக்கு என்று தச்சர்கள் ஒட்டுப்போட்டு அவற்றையே திரும்ப ஏற்றினார்கள். நிதானமாகப் பார்த்தால் கறுத்த பழைய மரத்தில் வெளிறிய புதுத்துண்டு சேர்ந்த இடம் தெரியும். திருப்பணி என்று சொல்லிப் பழைய கல்லை மணல் பீய்ச்சித் தேய்த்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, சுதைக்குப் பளபளவென்று பெயின்ட் அடிக்கிற நாம் இவர்களைப் பார்த்து டூப்ளிகேட் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

இது முதல் பூகம்பமும் இல்லை. 1934இல் வந்தது இதைவிடப் பெரியது. புத்தகயா கோயிலைப் பார்த்துச் சுடுமண்ணால் கட்டிய, பாட்டனின் மகாபௌத்தக் கோயில் அதில் விழுந்தது. திரும்பக் கட்டி முடித்தபோது நிறையத் துண்டுகள் மிஞ்சிப்போனதாகவும், அவற்றை வைத்துப் பக்கத்திலேயே மாயாதேவிக்கு ஒரு சின்னக் கோயில் எழுப்பிவிட்டதாகவும் சொல்கிறார்கள். இரண்டையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

டூப்ளிகேட் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். தர்பார் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பட்கோ தோல் என்று ஒரு குடியிருப்பு. அங்கே ஒரு லட்சுமி நாராயணர் இருந்தார். அர்த்தநாரீஸ்வரர் மாதிரி, ஒரே உடலில் பாதி விஷ்ணு, பாதி லட்சுமி. 1984இல் திருட்டுப் போனார். தெருக்காரர்கள் அதே உருவில் இன்னொரு கல் சிலையைச் செய்து வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அசல் சிலை 1990இலிருந்து அமெரிக்காவின் டாலஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் குரல் எழுப்ப, 2021இல் நேபாளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வருடம் டிசம்பரில் தன் தெருவுக்கே வந்து பழைய பீடத்தில் ஏறிக்கொண்டது.

அத்தனை வருடமும் அசலுக்கு டாலஸில் விளக்கு வெளிச்சமும் பெயர்ப் பலகையும் கிடைத்தன. பட்கோ தோலில் இருந்த நகலுக்குத் தினமும் தண்ணீரும் குங்குமமும் அரிசியும் கிடைத்தன. அந்தக் காலத்தில் எது கோயில் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். பூஜை நிற்காமல் இருந்ததால்தான் அசலைத் திரும்பக் கேட்க ஆளும் இருந்தார்கள், வந்தவரை உட்காரவைக்க இடமும் இருந்தது. நம் பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்கில் ஜெயித்து 1991இல் இந்தியா வந்தார். வந்தவர் போனது திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கல்லிடைக்குறிச்சி நடராஜர் தன் கோயிலுக்கே திரும்பினார் என்பது ஆறுதல். பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. பூட்டிய அறையைவிடத் தெருவில் நாலு கண் பார்க்கிற இடம் நல்ல பாதுகாப்பு என்பது என் கட்சி.

பூஜை நிற்காமல் இருப்பதற்கு அங்கே குட்டி என்று ஓர் ஏற்பாடு உண்டு. சில குடும்பங்கள் சேர்ந்து, நிலம் விட்டு, ஒரு கோயிலின் விளக்கையோ ஒரு திருவிழாவையோ ஒரு நீர்த்துறையையோ முறைவைத்துப் பார்த்துக்கொள்வது. நம் கட்டளை, மண்டகப்படியை ஊர் முழுக்க விரித்ததுபோல. நிறைய நிலம் கைவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருப்பதையும் அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா என்று 2019 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் ஆயிரக்கணக்கில் காட்மாண்டு தெருவில் இறங்கினார்கள். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. கோயில் நிர்வாகத்துக்காக நம் ஊரில் இப்படிக் கூட்டம் கூடுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பொற்கோயில் என்கிற ஹிரண்யவர்ண மகாவிஹாரத்துக்குக் காலையில் போங்கள். பௌத்தக் கோயில். கருவறைப் பணி 12 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனுடையது. ஒரு மாதம் அவன் முறை, அப்புறம் வேறொரு வீட்டுப் பையன். முற்றத்தில் ஆமைகள் தம்பாட்டுக்குத் திரியும். தோல் பொருளை உள்ளே விடமாட்டார்கள், பெல்ட்டையும் பர்ஸையும் ஹோட்டலிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

மங்கா ஹிட்டி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். தெருமட்டத்துக்குக் கீழே இறங்கிப் போக வேண்டிய கல் குழாய்கள். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களை மேலிருந்தே அம்மா பார்க்கலாம். அருங்காட்சியகத்துக்கு மட்டும் நீங்கள் தனியாகப் போங்கள். பழைய அரண்மனை, மரப்படிகள் செங்குத்து. உள்ளே செப்புத் திருமேனிகளைத் தவறவிடாதீர்கள். நம் சுவாமிமலை மாதிரி மெழுகு வார்ப்புதான், ஆனால் இவர்கள் பெரும்பாலும் உள்ளே கூடாக வார்த்து, மேலே பாதரசம் கலந்த தங்கத்தைப் பூசிச் சுடுவார்கள். அதுவரை அம்மா சதுக்கத்துத் திண்ணையில் உட்காரட்டும். ஊர்ப் பெரியவர்கள் நாள் முழுக்க அங்கேதான் இருப்பார்கள்.

ஐப்பசியில் போவதால் இன்னொரு வாய்ப்பு. கார்த்திக் நாச் என்று, அதே சித்திநரசிம்ம மல்லன் தொடங்கிவைத்த நாட்டிய நாடகம் அந்தப் பருவத்தில் சதுக்கத்து மேடையில் மாலை நேரங்களில் நடக்கும். அதில் நரசிம்மர் இரணியனை வதம் செய்வது உண்டு. தேதி சந்திரனைப் பொறுத்து மாறும், ஹோட்டலில் விசாரித்துவிட்டு முடிந்தால் மாலை வரை இருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வோ என்று பருப்பை ஊறவைத்து அரைத்துத் தட்டிச் சுடுகிற ஒன்று கிடைக்கும், உளுந்து அடைக்குத் தங்கச்சி. சத்தாமரி அரிசி மாவில் செய்வது. இரண்டிலும் மேலே முட்டையோ எருமைக்கறியோ போடுவது அங்கே சாதாரணம், அதனால் மாவை ஊற்றுவதற்கு முன்பே முட்டையும் கறியும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மோமோவை அம்மாவுக்கு வாங்கித்தர வேண்டாம், சைவமும் கறியும் பல கடைகளில் ஒரே பாத்திரத்தில்தான் வேகும். பதிலாக மண்சட்டியில் உறையவைத்த பக்தபூர்த் தயிர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.