தேடாதீர்கள், முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள்

கேள்வி: வீட்டுக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நிறுவ நினைத்துத் தேடினேன். முதலில் வந்த தளத்தில் 'டவுன்லோட்' பொத்தானை அழுத்தியதும், கேட்காத இரண்டு மென்பொருள்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. 500 ரூபாய் தந்தால் அவற்றை நீக்கி, பென் டிரைவிலிருந்து உலாவியைப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா. ஃபயர்ஃபாக்ஸ் இலவசம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய பென் டிரைவ் எத்தனை கணினிகளில் ஏறி இறங்கியது, அதிலுள்ள கோப்பு எந்த வருடத்தியது என்பதெல்லாம் அவருக்கே தெரிந்திருக்காது.

உங்கள் மீதும் தவறில்லை. தேடல் பட்டியலின் உச்சியில் வருவது பல நேரம் காசு கொடுத்து வாங்கிய இடம். அது விளம்பரம் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணில் படாது. இடத்தை வாங்குகிறவர் யார் என்று தேடுபொறி நிறுவனங்கள் ஒழுங்காக விசாரித்தால் இந்தத் தொல்லையில் பாதி இருக்காது. எத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்வது! உச்சியில் நிற்பவர் பெரும்பாலும் தரகர். அசல் உலாவியையே தந்தாலும் அதைத் தன் பொதிக்குள் கட்டித் தருவார். படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்துகிறவர் தலையில் வேறு இரண்டையும் கட்டிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் காசு.

ஆகவே, தேடவே தேடாதீர்கள். விண்டோஸோடு வந்த எட்ஜ் உலாவியைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் எழுதி, ஒரு புள்ளி வைத்து 'காம்' சேருங்கள். அங்கே இறக்கிய கோப்பைத் திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் 'மொசில்லா கார்ப்பரேஷன்' (ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் நிறுவனம்) என்று இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். வேறு பெயரோ, வெளியீட்டாளர் தெரியவில்லை என்ற குறிப்போ வந்தால் மறுத்துவிட்டு, கோப்பை அழித்துவிடுங்கள்.

எந்த விண்டோஸ் என்று நீங்கள் எழுதவில்லை. அது விண்டோஸ் 7 என்றால் கதை வேறு. அதற்கான பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 115ஆம் வரிசைதான் கடைசி. 'விண்டோஸ் 7க்கும் புதிய பதிப்பு' என்று ஒரு தளம் ஆசை காட்டினால் அங்கிருந்து எதையும் இறக்காதீர்கள். 115 மொசில்லாவின் தளத்திலேயே கிடைக்கும். செய்தி படிக்க அது போதும். ஓய்வூதியக் கணக்கை மட்டும் அந்தக் கணினியில் திறக்கவே வேண்டாம். கணினி நன்றாகத்தானே ஓடுகிறது என்று பலர் என்னிடம் வாதிடுகிறார்கள். பூட்டு உடைந்த வீட்டிலும் விளக்கு எரியும், ஐயா.

ஏற்கெனவே வந்துவிட்ட இரண்டையும் நீங்களே நீக்கலாம். 'செட்டிங்ஸ்' திறந்து 'ஆப்ஸ்' பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். அன்றைய தேதியில் நிற்பவற்றுள் நீங்கள் கேட்காதவைதான் அவை. நீக்கியபின், கணினியோடு வந்த 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஒரு முழுச் சோதனை நடத்துங்கள்.

இனி ஏதாவது ஒரு பக்கம் 'உங்கள் உலாவி பழையது, உடனே புதுப்பியுங்கள்' என்று மிரட்டினால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அதன் மெனுவில் 'ஹெல்ப்', பிறகு 'அபவுட் ஃபயர்ஃபாக்ஸ்' அழுத்திப் பாருங்கள். புதிய பதிப்பு இருந்தால் அங்கேயே இறங்கும்.