கணினி கேள்வி–பதில்: கடவுச்சொல் கோப்பு இருக்கட்டும், மென்பொருளை மட்டும் மாற்றுங்கள்

கேள்வி: என் வீட்டு லினக்ஸ் கணினியில் வங்கி, வருங்கால வைப்பு நிதி, பெஸ்காம் மின்கட்டணம், காவிரி நீர் இணைப்பு ஆகிய எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் பல ஆண்டுகளாகக் கீபாஸ்எக்ஸ் மென்பொருளில் வைத்திருக்கிறேன். இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறியபோது அந்த மென்பொருள் கிடைக்கவில்லை. என் அக்காள் மகன் கீபாஸ்எக்ஸ்சி நிறுவச் சொல்கிறான். எதிர்வீட்டு நண்பரோ லினக்ஸின் க்னோம் திரைச்சூழலுக்கான சீக்ரெட்ஸ் போதும் என்கிறார். எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டுமா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். சிஎஸ்வி கோப்பில் உங்கள் கடவுச்சொற்கள் அனைத்தும் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்துகளாகக் கிடக்கும். வேலை முடிந்து அதை அழித்தாலும் குப்பைத் தொட்டியிலோ, தானியங்கிக் காப்புப் பிரதியிலோ, வன்தட்டின் ஏதோ ஒரு மூலையிலோ அதன் நகல் எஞ்சியிருக்கக்கூடும். ஒரு நிறுவனத்தின் மேகச் சேவையிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர்களுக்குச் சில வேளைகளில் அந்த வழியைத் தவிர வேறு வழி இருக்காது. உங்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை, ஏனெனில் நீங்கள் குறிப்பிடும் மூன்று மென்பொருள்களும் ஒரே கோப்பு வடிவத்தைப் படிக்கின்றன.

டொமினிக் ரைகல் 2003-ல் விண்டோஸுக்காகக் கீபாஸை வெளியிட்டார். அதைப் பின்பற்றி லினக்ஸுக்கு எழுதப்பட்டதே கீபாஸ்எக்ஸ். அதன் கடைசிப் பதிப்பு 2016-ல் வந்தது. 2021-ல் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அதை உருவாக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள். பணி மந்தமாகிப்போன காலத்தில் அதன் மூலநிரலைக் கிளையாகப் பிரித்து எடுத்துக்கொண்ட வேறொரு குழுவினர் 2017 முதல் கீபாஸ்எக்ஸ்சி என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். எனவே உங்கள் அக்காள் மகன் சொல்வது அந்நியமான ஒன்றை அன்று. நீங்கள் பழகிய மென்பொருளின் நேர் வாரிசை.

முதலில் உங்கள் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘கேடிபிஎக்ஸ்’ (.kdbx) என்று முடிந்தால் கீபாஸ்எக்ஸ்சி, சீக்ரெட்ஸ் இரண்டுமே அதை நேரடியாகத் திறக்கும். ‘கேடிபி’ (.kdb) என்று மட்டும் முடிந்தால் அது கீபாஸ்எக்ஸின் மிகப் பழைய பதிப்புகள் எழுதிய வடிவம். சீக்ரெட்ஸ் அதைத் திறக்காது, ஆனால் கீபாஸ்எக்ஸ்சியில் அதை உள்வாங்குவதற்கென்றே ஒரு வசதி உண்டு. உள்வாங்கியதைப் புதிய பெயரில் சேமித்துக்கொள்ளலாம்.

கோப்பைத் திறப்பதற்கு முன் அதன் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, மற்றொரு நகலைப் புதிய மென்பொருளில் திறந்து பாருங்கள். கடவுச்சொற்களை மட்டும் சரிபார்த்தால் போதாது. இணைத்து வைத்த ஆவணங்கள், நீங்களே சேர்த்த கூடுதல் புலங்கள், தமிழில் எழுதிய குறிப்புகள் ஆகியவை வந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கோப்பைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லோடு சாவிக்கோப்பு ஒன்றையும் பயன்படுத்தியிருந்தால் அதற்கும் தனியாக நகல் வேண்டும், அது இல்லாமல் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது.

தமிழர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. முதன்மைக் கடவுச்சொல்லையே தமிழில் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. திரையில் ‘கொ’ என்று ஒரே மாதிரி தெரிந்தாலும், அதிலுள்ள உயிர்க்குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியீடாகவும் மற்றொன்று ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிவு செய்யலாம். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது மறையாக்கத்துக்கு இரண்டு வெவ்வேறு கடவுச்சொற்கள். இயங்குதளத்தோடு தட்டச்சு முறையும் மாறியிருந்தால், பழைய கணினி கையில் இருக்கும்போதே அதை ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தால் கோப்பின் வடிவத்தையும் உயர்த்திவிடுங்கள். கீபாஸ்எக்ஸ் எழுதியது வடிவத்தின் மூன்றாம் பதிப்பு. 2017-ல் வந்த நான்காம் பதிப்பு, கடவுச்சொல்லிலிருந்து பூட்டுக்கான சாவியை உருவாக்கும் ஆர்கான்2 என்ற முறையை ஏற்கிறது. இம்முறை ஒவ்வொரு கடவுச்சொல் ஊகத்துக்கும் கணிசமான நினைவகத்தைச் செலவிட வைப்பதால், கோப்பைத் திருடியவன் வரைகலை அட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பது மிகவும் கடினமாகிறது. கீபாஸ்எக்ஸ்சியில் தரவுத்தள (அதாவது கடவுச்சொல் கோப்பின்) அமைப்புகளின் பாதுகாப்புப் பகுதியில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆர்வத்தில் நினைவக அளவை மிகையாக ஏற்றிவிட வேண்டாம். கணினி தாங்கும் அளவைச் சிறிய கைப்பேசி தாங்காது, அங்கே கோப்பு திறக்காமலே போகலாம். நான்காம் பதிப்புக்கு உயர்த்திய கோப்பைக் கீபாஸ்எக்ஸ் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சில புதிய வசதிகளைப் பயன்படுத்தினால் நீங்கள் கேட்காமலே இந்த உயர்வு நிகழக்கூடும். பழையதையும் புதியதையும் சில நாள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுவதே உத்தமம்.

சீக்ரெட்ஸ் எளிமையானது, க்னோம் திரைக்குப் பொருத்தமானது, பார்க்கவும் அழகானது. ஆனால் அதில் உலாவியோடு இணைப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் நகலெடுத்து ஒட்ட வேண்டும். வங்கித் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் நாம் ஏமாந்து ஒட்டிவிடலாம். கீபாஸ்எக்ஸ்சியின் உலாவி நீட்சியோ முகவரி பொருந்தாத இடத்தில் கடவுச்சொல்லைத் தானாக நீட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் தேர்வு கீபாஸ்எக்ஸ்சிதான். நண்பருடைய கருத்தும் தவறன்று. கோப்பு ஒன்றே என்பதால் பின்னர் மனம் மாறினாலும் நட்டமில்லை.

கேள்வி: கீபாஸ்எக்ஸ்சிக்கு மாறிவிட்டேன். கோப்பு திறக்கிறது, உலாவியோடு மட்டும் இணைய மறுக்கிறது. தானாகத் தட்டச்சு செய்யும் வசதியும் வேலை செய்யவில்லை.
— வாசகி, இந்திரா நகர், பெங்களூரு

பதில்: உலாவி இணைப்பு கோப்புக்குள் பயணம் செய்து வருவதில்லை. மென்பொருளின் அமைப்புகளில் அதை இயக்கி, உலாவியில் நீட்சியை நிறுவி, இரண்டையும் ஒருமுறை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதன் பிறகும் இணையாவிட்டால் உலாவியையும் கீபாஸ்எக்ஸ்சியையும் எந்த வழியில் நிறுவினீர்கள் என்று பாருங்கள். உபுண்டு லினக்ஸில் 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் தொகுப்பாகவே வருகிறது. ஸ்நாப், ஃபிளாட்பேக் ஆகிய நிறுவல் முறைகளில் வரும் மென்பொருள்கள் தனித்தனிச் சுவருக்குள் இயங்குவதால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு எட்டாமல் போவதுண்டு. இரண்டையும் வழக்கமான தொகுப்பாக நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெபியன் லினக்ஸ் பயன்படுத்துகிறவராக இருந்தால், அங்கே கீபாஸ்எக்ஸ்சிக்கு 2024 முதல் ‘மினிமல்’, ‘ஃபுல்’ என்று இரண்டு தொகுப்புகள் உள்ளன. உலாவி வசதி இரண்டாவதில்தான் இருக்கிறது.

தானியங்கித் தட்டச்சு பழைய எக்ஸ்11 திரை அமைப்பை நம்பி எழுதப்பட்டது. ஒரு மென்பொருள் மற்றொன்றின் சாளரத்துக்குள் விசைகளை அழுத்துவதை, அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய திரை அமைப்பான வேலண்ட் பாதுகாப்பு கருதியே தடுக்கிறது. உலாவி நீட்சி சரியாகிவிட்டால் இது உங்களுக்கு அதிகம் தேவைப்படாது.

கேள்வி: ஒரே கோப்பை நானும் என் மனைவியும் இரண்டு கணினிகளில் பயன்படுத்துகிறோம். அவர் ஒன்றை மாற்ற, நான் வேறொன்றை மாற்ற, இப்போது இரண்டு நகல்கள் ஆகிவிட்டன.
— வாசகர், ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கீபாஸ்எக்ஸ்சியின் தரவுத்தளப் பட்டியலில் இரண்டு கோப்புகளை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. இரண்டும் ஒரே கோப்பிலிருந்து பிரிந்தவை என்பதால் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள உள் அடையாளம் ஒன்றாகவே இருக்கும். மென்பொருள் அதை வைத்துப் பொருத்தி, பிந்தித் திருத்தப்பட்டதை வைத்துக்கொண்டு முந்தியதை அந்தப் பதிவின் வரலாற்றில் சேர்க்கும். ஒன்றாக்கிய கோப்பை இரண்டு கணினிகளிலும் திறந்து, அண்மையில் மாற்றிய கடவுச்சொற்களைக் கொண்டு உள்நுழைந்து பார்த்த பிறகு பழைய நகல்களை அழித்துவிடலாம்.