18 மெஷினுக்கு எந்த இடம்? வாடகையைக் கேட்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் வீட்டு மாடியில் 8 தையல் மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துத் தருவது) செய்கிறோம். இப்போது 18 மெஷின் தேவைப்படுகிறது. கட்டிங், அயர்னிங், பேக்கிங்கும் உள்ளேயே நடக்கும். அனுப்பர்பாளையத்தில் ஒரு முதல் மாடி, 1,700 சதுர அடி, வாடகை 20,000 ரூபாய். பெருமாநல்லூர் தாண்டி ஒரு தகர ஷெட், 2,500 சதுர அடி, 17,000 ரூபாய். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டு இடத்திலும் மீட்டர் பெட்டியை முதலில் பாருங்கள். மெஷினை ஓட்டும் சர்வோ மோட்டார் ஒன்று 550 வாட் என்றால் 18 மெஷினுக்கு 9.9 கிலோவாட். கட்டிங் மெஷின் 0.75, இரண்டு அயர்ன் பாக்ஸ் 2, விளக்கும் ஃபேனும் 1.5. மொத்தம் 14 கிலோவாட்டைத் தாண்டுகிறது. குறுந்தொழில்களுக்கான சலுகைக் கட்டணம் 12 கிலோவாட் வரைதான்; அதற்கு மேல் பொதுவான தொழிற்சாலைக் கட்டணம். அயர்னிங்கை வெளியே கொடுத்தால்கூடக் கணக்கு 12-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே த்ரீ பேஸ், 15 கிலோவாட் என்று கேளுங்கள்.

கட்டடத்தில் கடை இணைப்போ வீட்டு இணைப்போ இருந்தால், "அதிலேயே ஓட்டிக்கலாம்" என்று ஓனர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கட்டணப் பிரிவில் வாங்கிய மின்சாரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடலாம். லோடு (இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்) கூட்டவும் கட்டணப் பிரிவு மாற்றவும் ஓனர் கையெழுத்து வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைய நேரும். எனவே விண்ணப்பம் போட்ட பிறகே பணம் கொடுங்கள். பழைய பில் பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஓனர் சொல்லும் சதுர அடியில் சுவரும் மாடிப்படியும் சேர்ந்திருக்கும். டேப் பிடித்து உள்ளளவு எடுங்கள். மெஷின் டேபிள், ஆள், பீஸ் பெட்டி, நடைவழி சேர்த்து மெஷினுக்கு 30 சதுர அடி வைத்தால் 540. கட்டிங் டேபிள் 20 அடிக்கு 6 அடி; சுற்றிலும் 3 அடி விட்டால் 312. செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு 300. பலரும் மறப்பது துணிக்கான இடம். பனியன் துணியை ரோலில் இருந்து பிரித்து ஒரு நாளாவது தளர விடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு பீஸ் சுருங்கி அளவு குறையும். அதற்கும் ஸ்டாக்குக்கும் 250. ஆகக் கூடி 1,400 சதுர அடி. மாடியில் உள்ளளவு 1,450-க்குக் குறையாவிட்டால் போதும். ஷெட்டின் மிச்ச இடத்தில் பெரும்பாலும் கட்டிங் வேஸ்ட்தான் குவியும்.

மாடிக்குத் துணி எப்படி ஏறும்? 20, 25 கிலோ ரோலைத் தோளில் வைத்துக் குறுகிய படியில் திரும்ப முடியாது. ஜன்னல் பக்கம் கப்பி மாட்ட ஓனர் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு மாடிப்படி என்றால் நான் யோசிப்பேன்: பஞ்சுத் தூசியும் துணியும் இருக்கும் இடத்தில் இரண்டாவது வழி இல்லாமல் 20 பேரை உட்கார வைக்கக் கூடாது.

தகர ஷெட்டில் சித்திரை வெயிலுக்கு ஃபேன் காணாது. ஃபால்ஸ் சீலிங், கூரையில் சுழலும் வென்டிலேட்டர் என்று செலவு கூடும். ஆணி ஓட்டை வழியே ஒழுகுகிறதா என்று தரையிலும் சுவரிலும் கறை தேடுங்கள். வெள்ளைத் துணியில் துருக்கறை பட்டால் அந்த பீஸ் ரிஜெக்ட். அதைவிடப் பெரிய விஷயம், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வெளியே வரும் பெண்களுக்கு அங்கிருந்து பஸ் உண்டா? வேன் விட வேண்டியிருந்தால் வாடகையில் மிச்சமாகும் 3,000 ரூபாய் டீசலுக்கே பற்றாது. சொந்த வேன் இல்லாதவரை மாடிதான் என் தேர்வு, அதுவும் ஓனர் லோடுக்கும் கப்பிக்கும் சம்மதித்தால். பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லையென்றால் கட்டித்தரச் சொல்லி அதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்ய வேண்டும். வயரிங்கும் போர்டும் உங்களுடையவை, காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம் என்ற வரி விட்டுப்போகக் கூடாது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்து ஓனர் செய்யாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும், 20,000-க்கு 3,600. காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு இது கிடையாது. முகவரி மாறிய 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்துங்கள். ஆட்கள் 10 பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., 20 பேர் ஆனால் பி.எஃப்.; பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களும் இதில் சேர்வார்கள்.

மாறும்போது ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் எண்ணெயை வடித்துவிட்டு ஏற்றுங்கள், சாய்த்தால் மோட்டார் வரை கொட்டும். புது இடத்தில் மட்டம் பார்த்து, எண்ணெய் ஊற்றி, முதல் அரை மணி நேரம் வேஸ்ட் துணியில் ஓட்டிய பிறகே ஆர்டர் பீஸை வையுங்கள்.